யாரைக் கேட்டு எழுதிய கணக்கு?

திருவானைக்காவல் கோயிலில் உச்சிக்கால பூசைக்கு அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு வருவார். அது ஐதீகம். வெளியே தெருவில் சேரித் திருநங்கை ஒருத்தி புடவை கட்டி நின்றால் அது நோய். அந்தத் தெரு டீக்கடையில்தான் முற்போக்கு நண்பர் ஒருவர் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க சீக்கிரமே செத்துப் போறாங்களாம். சுவீடன்காரன் ஆராய்ச்சியே சொல்லுது."

என்ன சொல்லுது? 1973 முதல் 2003 வரை பால்மாற்று அறுவை செய்துகொண்ட 324 பேரைப் பற்றிய ஆய்வு அது, 2011இல் வெளிவந்தது. சாவு கூடுதல்தான், தற்கொலையும் கூடுதல்தான். யாரைவிட? அந்நாட்டின் பொது ஜனத்தைவிட. ஆபரேஷன் கிடைக்காமல் தவிக்கிற திருநங்கையோடு ஒப்பிடவில்லை. ஆபரேஷன்தான் காரணமென்று இதை வாசிக்கக் கூடாதென அதை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். மலக்குழியில் இறங்குகிற எங்காளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, அவன் ஆயுசை அக்கிரகாரத்து ஆயுசோடு ஒப்பிட்டு, வைத்தியம்தான் கொன்னுடுச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா தோழர்?

நம்ம பக்கத்துக்காரர்களையும் விடுவதாயில்லை. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையின் 1972–2015 கணக்கைக் காட்டி, வருந்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். உண்மைதான். திருநங்கையரில் 0.6 சதவீதம், திருநம்பியரில் 0.3. ஆனால் மூன்றில் ஒருவருக்கு மேல் தொடர்பு விட்டுப்போனவர்கள். திரும்பி வந்து, பழைய பாலுக்கான ஹார்மோன் கேட்டு, வருந்துகிறேன் என்றவர்தான் அந்த நோட்டில் ஏறினார்.

வருத்தம் வேறு, திருப்தி வேறு. "பொம்பளையானதுக்கு ஒரு நாளும் வருத்தப்படல. ஒண்ணுக்குப் போறப்பத்தான் உசிரு போவுது" என்பவளை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? கடப்பாவுக்கு ரயிலேறிப் போய் நிர்வாணம் செய்துகொண்டதை லிவிங் ஸ்மைல் வித்யா தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தலித் திருநங்கை. அப்படிப் போய் வந்தவர்கள், தாயம்மா கையில் அறுத்துக்கொண்டவர்கள், பிழைக்காமல் போனவர்கள், இவர்களெல்லாம் ஆம்ஸ்டர்டாம் நோட்டிலா இருக்கிறார்கள்?

2008இல் இங்கே நலவாரியம் வந்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவையும் வந்தது. போராடிப் பெற்றது, குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று டாக்டரே "திருப்தியாம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "நல்லாருக்குங்கய்யா." களத்துமேட்டில் மரக்காலோடு நின்ற மிராசுதார் "கூலி போதுமாடா?" என்றபோது எங்கப்பாவும் போதுங்க சாமி என்றுதான் சொன்னார்.

ஐந்து வருசம் கழித்து, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, இன்னொரு திருநங்கை கேட்கட்டும். அந்த நோட்டைக் கொண்டாங்க, பேசலாம்.