பிளஷ் டேங்க் ஒழுகுதா? பார்ட்டை மாத்தும் முன் மணலை பாருங்க!

சென்னை வாடகை வீடுகளில் தண்ணீர் சண்டைக்கு பஞ்சமே இல்லை. சம்ப் சீக்கிரம் காலியானால் ஹவுஸ் ஓனரின் பார்வை குடித்தனக்காரர் மீதுதான் பாயும். ஆனால் பல வீடுகளில் நிஜ 'திருடன்' கழிவறையில் இருக்கும் பிளஷ் டேங்க்.

கணக்கு போட்டு பாருங்கள். 10 நிமிடத்துக்கு 1 லிட்டர் ஒழுகினாலே ஒரு நாளைக்கு 144 லிட்டர் காலி. 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் கிட்டத்தட்ட 10 குடம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர் இது!

கூப்பிட்டால் பிளம்பர் வருவார், பார்ட்டை மாற்றுவார், காசு வாங்குவார். சில மாதத்தில் மறுபடி 'சர்ர்ர்' சத்தம். பல வீடுகளில் கோளாறு பார்ட்டில் இல்லை, குழாயில் வரும் மணலில்.

தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. காலியாக கிடந்த குழாயில் திடீரென பாயும்போது துருவையும் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். லாரி தண்ணீர் கொட்டினால் சம்பின் அடிச்சேறு கலங்கும். அந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டால் அவ்வளவும் மாடி டேங்குக்கு ஏறிவிடும். குழாய் ரிப்பேர் நடந்த வீட்டில் பி.வி.சி. அறுத்த தூள், டெப்லான் டேப் துணுக்கு வேறு.

ஒரு துகள் வாஷரில் உட்கார்ந்தால் போதும், வால்வு முழுசா மூடாது. டேங்க் நிரம்பி, உள்ளே இருக்கும் ஓவர்புளோ குழாய் வழியாக தண்ணீர் கிளாசெட்டுக்குள் இறங்கும். தரையில் சொட்டாததால் யாருக்கும் தெரியாது. ஓவர்புளோவில் வழியவில்லையா? டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு, பிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். கிளாசெட்டில் கலர் வந்தால் அடி ரப்பரில் ஒழுக்கு.

லாரி வந்தால் சேறு அடங்கும் வரை மோட்டார் போடாதீர்கள். சம்பில் புட்வால்வ் தரையை தொடக்கூடாது, அரை அடி தூக்கி இருக்கட்டும். ரிப்பேர் முடிந்ததும் கழிவறை ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, குளியலறை பக்கெட் குழாயை முதலில் திறந்து விடுங்கள். கலங்கல் போன பிறகு காக்கை திறக்கலாம். அந்த காக்கிலோ வால்விலோ குட்டி சல்லடை இருந்தால் கழற்றி பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். எரிச்சலில் அதை பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு. அப்புறம் மணல் நேரே வாஷருக்குத்தான்.

இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லையா? வாஷர் நிஜமாகவே தேய்ந்திருக்கும். அப்போ மாத்துங்க.