கருப்பனுக்கு இலக்கியத்தில் இடமில்லையா?

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். நான் வாசித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை 'மர்மதேசம்' தொடரைப் பார்த்துச் சிறுவயதில் பயந்த கதையோடு முடிந்துவிட்டன. தீவிர இலக்கியம் பேசுவோரில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை. சேலத்தில் பிறந்த ஒருவர் பல பத்தாண்டுகள் எழுதிக் குவித்ததற்கு நம் விமர்சனம் வைத்திருக்கும் சொல் ஒன்றே: 'வணிக எழுத்து'. அது மதிப்பீடு அன்று. வாசிக்காமல் இருப்பதற்கான சாக்கு.

அச்சம் இலக்கியத்துக்கு அந்நியம் என்று தமிழ் படித்த எவரும் சொல்ல இயலாது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களில் முதலாவதாக அணங்கைச் சொன்னார். மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயைக் கண்டு, வீடு ஓடித் தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்காரி. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வகுப்பில் சிலாகிக்கிறோம். அதே அணங்கு மாத நாவலின் அட்டையில் ஏறினால் மட்டும் குப்பையாகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

'விட்டு விடு கருப்பா' நாவலையே எடுத்துக்கொள்வோம். நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' என்று 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியில் வந்தது இதுவே. ஊரில் குற்றம் செய்தவர்கள் சாகிறார்கள். தண்டிப்பது காவல்தெய்வமா, பிளவுண்ட மனித மனமா என்பதே கதையின் கேள்வி. கடனுக்கும் களவுக்கும் முனியப்பன் முன் சத்தியம் கேட்கும் நம் சமவெளி மனிதர்களுக்கு இது வெறும் திகில் அன்று. நீதிமன்றம் எட்டாத இடத்தில் நீதி எங்கிருந்து வரும் என்ற பழைய கவலை அது.

அவரிடம் குறைகள் இல்லையா? உண்டு. அவசரத்தில் எழுதியவை ஏராளம். சித்தரும் சமாதியும் ஓலைச்சுவடியும் அலுக்குமளவு திரும்ப வருகின்றன. பகுத்தறிவாளர் பாத்திரங்கள் பல, தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவை. ஆனால் இவற்றைச் சொல்லக்கூட முதலில் படித்தாக வேண்டும் அல்லவா?

ஸ்வீடனில் ஜான் அய்விதே லிண்ட்க்விஸ்ட் மேடையில் மாயாஜாலம் செய்தவர், நகைச்சுவை நடத்தியவர். ஸ்டாக்ஹோம் புறநகரில் நிகழும் அவரது இரத்தக்காட்டேரி நாவல் 2004இல் வெளிவந்து, 2008இல் படமாகி உலகைச் சுற்றியது. அதைத் தனிமை பற்றிய கதையாக எடுத்துக்கொண்டு பேச நம்மில் பலர் தயார். உள்ளூர்க் கருப்பனிடம் மட்டும் சாதிச் சான்றிதழ் கேட்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தி இவரது நாவல்களை ஆய்வுக்கு எடுக்க விரும்பினாள். "இதெல்லாம் தலைப்பா அம்மா?" என்ற ஒரே கேள்வியில் அது முடிந்தது. கேட்டவர் ஒரு நாவலும் படித்தவரல்லர். இதில் இழப்பு மாணவிக்கு மட்டும் அன்று. மாத நாவல்கள் மட்டத் தாளில் அச்சாகிப் பழைய பேப்பர் கடைக்குப் போனவை. ஒரு தலைமுறைத் தமிழர் எதைக் கண்டு அஞ்சினார்கள், எதை நம்பத் தயங்கினார்கள் என்பதற்கான சான்றுகள் அங்கே எடைக்கு விழுகின்றன. தமிழ்த்துறைகள் அவற்றைத் தேடித் தொகுக்கட்டும், பட்டியலிடட்டும், ஆய்வுக்கு அனுமதிக்கட்டும். அவற்றில் தேறுவது எது, தேறாதது எது என்று அதன்பின் சண்டையிடலாம்; நானும் வருகிறேன்.