காது பார்க்க டாக்டர் பட்டம் எதற்கு?

அமெரிக்காவில் இன்றைக்குப் புதிதாக ஒருவர் காது பரிசோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் டாக்டர் பட்டம் வாங்கியாக வேண்டும். முதல் பட்டத்துக்கு நாலு வருஷம், அதற்கு மேல் பெரும்பாலும் இன்னொரு நாலு வருஷம். ஏ.யூ.டி. என்று பெயர். இந்த ஏற்பாடு காது கேளாதவனுக்காகச் செய்யப்பட்டது அல்ல, தொழில்காரர்கள் தங்கள் கௌரவத்துக்காகச் செய்துகொண்டது என்பது என் கட்சி. எழுபத்தாறு வயதில் இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதைப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

முதலில் எதிர்ப்பக்கத்து ஆசாமிகளை ஒரு கை பார்த்துவிடுகிறேன். "மெஷின் விற்கிறதுக்குப் படிப்பு வேறயா?" என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிறது, அதுபோல மெஷின் போட்டால் காது கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். ஆ, ஓ எல்லாம் நன்றாகவே கேட்கும். க, ச, த, ப இவைதான் நழுவும். வீட்டில் 'பால்' என்பார்கள், நமக்குக் 'கால்' என்று விழும். அதனால்தான் கிழவர்கள் "கேட்கிறது, புரியலை" என்கிறோம். மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டிவிட்டால் பக்கத்துத் தெரு ஹாரன்தான் பெரிதாகும். எந்த ஸ்தாயியில் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒலி புகாத அறையில் உட்கார வைத்து அளக்க வேண்டும். எலும்பு வழியாக ஒருமுறை, காற்று வழியாக ஒருமுறை. மெஷின் மாட்டிய பிறகு காதுக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, உள்ளே போகும் ஒலி சரிதானா என்று மறுபடி அளக்க வேண்டும். எனக்கு முதல் மெஷின் விற்ற கடையில் இதில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷத்தில் பில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது முறை முறையாகப் படித்த ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கண்டுபிடிப்பதும், தலைசுற்றலுக்கு உள்காது காரணமா என்று பார்ப்பதும் இவர்கள் வேலைதான். ஆக, படிப்பு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் டாக்டர் பட்டம்? அமெரிக்காவில் முன்பெல்லாம் இரண்டு வருஷ முதுகலை போதும். அதன்பின் ஒருவர் மேற்பார்வையில் ஒரு வருஷம் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. 1988-இல் ஆடியாலஜிஸ்டுகளுக்கென்று தனியாக ஒரு அகாடமி கிளம்பியது. நாமும் பல் டாக்டர், கண் டாக்டர் மாதிரி டாக்டர் ஆகவேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1994 வாக்கில் டெக்சாஸில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் முதல் வகுப்பு. 2007-இல் முதுகலை வகுப்புகளுக்கு அங்கீகாரம் நின்றது. 2012 முதல் ஆஷா என்ற பெரிய சங்கத்தின் சான்றிதழுக்கும் டாக்டர் பட்டம் கட்டாயம்.

இதில் ஒரு வேடிக்கை. முன்பு சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த அந்த ஒரு வருஷம் இப்போது படிப்பின் நாலாவது வருஷமாகிவிட்டது. அதே ஆஸ்பத்திரி, அதே வேலை. பெரும்பாலும் மாணவர்தான் பல்கலைக்கழகத்துக்கு ஃபீஸ் கட்டுகிறார். ஏற்கனவே தொழிலில் இருந்த முதுகலைக்காரர்கள் என்ன ஆனார்கள்? பலர் பழைய பட்டத்தோடேயே தொடர்ந்தார்கள், வேறு பலர் வேலையில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் படித்து டாக்டர் ஆனார்கள். பழைய பட்டம் நோயாளிக்கு ஆபத்து என்றால் அவர்களைத் தொடர விட்டது ஏன்?

சரி, டாக்டர் ஆனதால் அதிகாரமாவது வந்ததா? முதியோருக்கான அவர்கள் அரசுக் காப்பீடு மெடிகேரில், காதுப் பரிசோதனைக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. 2023-இல்தான், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும், சீட்டில்லாமல் போகலாம் என்று தளர்த்தினார்கள். எங்கள் ஆபீசிலும் பார்த்திருக்கிறேன். பதவிப் பெயரை மாற்று என்று சங்கம் கொடி பிடித்தது. கிளார்க் என்பது அசிஸ்டென்ட் ஆனது. போர்டு எழுதியவனுக்கு வரும்படி. ஃபைல் பழைய வேகத்தில்தான் நகர்ந்தது.

இதை இவ்வளவு ஆத்திரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் பேத்தி இங்கே பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்திருக்கிறாள். மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் பயிற்சி. கெட்டிக்காரி. இப்போது ஏ.யூ.டி.க்கு அமெரிக்காவில் இடம் கிடைத்து, லாஸ்பேட்டை வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "தாத்தா, அங்கே வேலை பார்க்கணும்னா வேற வழியே இல்ல" என்கிறாள். அது உண்மைதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடன் தலையில் இருக்கும்போது அவள் ஏழைக் கிழவர்கள் இருக்கும் சின்ன ஊரில் போய் உட்கார முடியுமா? விலை உயர்ந்த மெஷின் விற்கும் இடத்துக்குத்தான் கடன் அவளை இழுத்துக்கொண்டு போகும். அங்கே மெடிகேர் காது மெஷினுக்குப் பணம் கொடுப்பதில்லை. 1965-இல் சட்டம் போட்டபோதே விலக்கிவிட்டார்கள்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அங்கே மெஷின் பொருத்துகிறவருக்கு 'ஒதியோப்ரொத்தெசிஸ்த்' என்று பெயர். 1967-லேயே தனிச் சட்டம். மூன்று வருஷ அரசு டிப்ளமா. நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியர் வேலை, அவர் சீட்டு எழுதினால் இவர் பொருத்துவார். வாங்குமுன் முப்பது நாள் போட்டுப் பார்க்கலாம்; பிறகு வரும் சரிசெய்தல்கள் எல்லாம் விலையிலேயே அடக்கம். 2021 முதல் ஒரு வகை மெஷினுக்குப் பெரியவர்களுக்குக் காதுக்கு 950 யூரோ என்று உச்சவரம்பு வைத்து, அரசுக் காப்பீடும் துணைக் காப்பீடும் சேர்ந்து முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. என்னோடு லிசேயில் படித்த சொல்தா பென்ஷன்காரர் ஒருவர் பாரீசுக்குப் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். கையிலிருந்து சல்லிக் காசு தராமல் இரண்டு காதுக்கும் வாங்கிவிட்டு என்னிடம் போனில் ஜம்பமடிக்கிறார். அவருக்குப் பொருத்தியவர் டாக்டர் இல்லை. போனில் நான் சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது.

அமெரிக்காவில் கடைசியில் என்ன நடந்தது? மெஷின் விலை தாங்காமல் ஜனங்கள் கூச்சல் போட, 2022 அக்டோபர் முதல் சுமாரான கேள்விக்குறை உள்ள பெரியவர்கள் பரிசோதனையே இல்லாமல் கடையில் நேராக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் எட்டு வருஷம் படித்த டாக்டர். இன்னொரு பக்கம் பல்பொருள் அங்காடி அலமாரி, கேட்பாரில்லை. நடுவில் இருந்த இரண்டு வருஷப் படிப்புக்காரரைத் தாங்களே ஒழித்துவிட்டார்கள்.

நம் ஊரில் அந்த நடுவாள் இன்னும் இருக்கிறார். நாலு வருஷம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், மேலே வேண்டுமானால் மைசூரில் அரசு நிறுவனத்தில் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. இருக்கிறது. அமெரிக்கா மாதிரி இங்கேயும் டாக்டர் பட்டம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன் (மெஷின் போட்டுக்கொண்டுதான்). அவர்கள் பாகூருக்கோ திருக்கனூருக்கோ ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். முகாமில் கொடுத்த மெஷினை எத்தனை பேர் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணட்டும். அதைச் சரிசெய்து கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஒலி புகாத அறையும், மாதச் சம்பளத்தில் ஒரு பி.ஏ.எஸ்.எல்.பி. பிள்ளையும் போதும். அந்த வேலைக்கு முதலில் போஸ்ட் போடச் சொல்லுங்கள்.