ஒற்றை வரியில் மாமியார் வீடு

மணவாழ்வின் நிறைவை அளக்க அமெரிக்க ஆய்வாளர் கிரஹாம் ஸ்பேனியர் 1976-இல் வெளியிட்ட அளவுகோலில் 32 கேள்விகள். துணைக்கு எவ்வளவு அடிக்கடி முத்தமிடுகிறீர்கள் என்பது ஒன்று. பெற்றோர், மாமனார் மாமியாரோடு நடந்துகொள்வதில் இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று. கூட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதுவே பாதி வாழ்க்கை. ஒற்றை வரி போதாது. முத்தக் கேள்வியில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தால், குறை அன்பிலா, தனியறை இல்லாத வீட்டிலா? இந்த அளவுகோலை இங்கே பயன்படுத்த, அதைத் தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அதற்கு முன்பே நம் ஆண்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து, எதை நிறைவென்று நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பதில் எழுதும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த ஏற்பாடுகூட இல்லாமல் திரட்டிய எண்களை வைத்து ஒரு தம்பதியை மகிழ்ச்சியற்றவர்கள் என்று முத்திரை குத்துவது அநியாயம்.