தட்டு மாற்றும் முன்பே பத்திரிகை!

‘உங்கள் டிக்கெட் உறுதி செய்யப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. ஆப்பைத் திறந்தால் அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை! இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று, மெசேஜ் ஒரு நொடி முந்திக்கொள்வது.

நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது சர்வரில் பல வேலைகள் நடக்கும். சீட்டை ஒதுக்க வேண்டும், பயணியின் பெயரை எழுத வேண்டும், பணம் வந்ததைக் குறிக்க வேண்டும். எல்லாமே நடக்க வேண்டும். ஒன்று தவறினாலும் எதுவுமே நடக்காததுபோல ஆகிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘ட்ரான்ஸாக்‌ஷன்’. எல்லாம் சரியாக முடிந்தால் டேட்டாபேஸ் ‘கமிட்’ செய்யும். இடையில் சிக்கல் வந்தால் ‘ரோல்பேக்’, எழுதியதெல்லாம் ரத்து.

‘பதிவை எழுதியதும் மெசேஜ் அனுப்பு’ என்று புரோகிராமர் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் ‘கால்பேக்’. இணையதளங்கள் உருவாக்க உதவும் ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ மென்பொருளில் ‘ஆஃப்டர் சேவ்’ என்றொரு கால்பேக் உண்டு. பெயரைக் கேட்டால், எல்லாம் முடிந்த பிறகு ஓடும் என்றுதான் தோன்றும். ஆனால், அது கமிட்டுக்கு முன்பே ஓடிவிடும். தட்டு மாற்றும் முன்பே ஊரெல்லாம் பத்திரிகை வைப்பது மாதிரி! பிறகு சம்பந்தம் முறிந்தால், டேட்டாபேஸ் தன் பதிவை அழித்துக்கொள்ளும். போன மெசேஜை யார் திரும்ப வாங்குவது?

இன்னொரு கூத்தும் உண்டு. மெசேஜ் அனுப்பும் வேலையைத் தனி புரோகிராமிடம் விட்டிருப்பார்கள். கமிட் ஆகாத பதிவு பொதுவாக மற்ற புரோகிராம்களின் கண்ணில் படாது. இது அவசரமாகப் போய்த் தேடிவிட்டு, ‘அப்படி ஒரு டிக்கெட்டே இல்லையே’ என்று கைவிரித்துவிடும். அடுத்த நொடி தேடினால் டிக்கெட் இருக்கும். அதனால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதற்காகத்தான் 2010-ல் வந்த ரெயில்ஸ் 3, ‘ஆஃப்டர் கமிட்’ வசதியைத் தந்தது. ‘ஜாங்கோ’ மென்பொருளில் 2015-ல் ‘ஆன் கமிட்’ வந்தது. அப்போதும், கமிட் ஆன மறுகணம் சர்வர் படுத்துவிட்டால், டிக்கெட் இருக்கும், மெசேஜ் வராது. எனவே, கவனமான புரோகிராமர்கள் ‘இந்த மெசேஜை அனுப்ப வேண்டும்’ என்ற குறிப்பையும் டிக்கெட்டோடு அதே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதிவைப்பார்கள். சர்வர் எழுந்ததும் குறிப்பைப் பார்த்து அனுப்பிவிடும்.

நாம் செய்ய வேண்டியது இரண்டு. மெசேஜ் வந்தாலும், ஊருக்குக் கிளம்பும் முன் ஆப்பில் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். மெசேஜ் வரவில்லை என்றால், அதைப் பார்க்காமல் இன்னொரு முறை பணம் கட்டிவிடாதீர்கள்!