திருமண விசா: காத்திருப்பிலும் வர்க்கம் உண்டு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொழிலாளர் உரிமைகளுக்காக வாதாடி வரும் வழக்கறிஞர் சாண்ட்ரா முன்யோஸ். அமெரிக்கக் குடிமகளான இவர், எல் சால்வடார் நாட்டைச் சேர்ந்த லூயிஸ் அசென்சியோ-கோர்டெரோவை 2010இல் மணந்தார். கணவருக்குக் குடியேற்ற விசா பெறுவதற்கு முறைப்படி மனுச் செய்தார். இறுதிக்கட்ட நேர்காணலுக்காக 2015இல் தாய்நாடு சென்ற கணவரால் திரும்பி வர முடியவில்லை. விசா மறுக்கப்பட்டது. காரணம் கேட்டபோது ஒரு சட்டப் பிரிவின் எண் மட்டுமே விடையாகக் கிடைத்தது. வழக்குத் தொடுத்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் கடந்த பின்னரே, அவர் உடலில் பச்சை குத்தியிருந்த உருவங்களைக் கண்டு அவரைக் குற்றக் கும்பலைச் சேர்ந்தவராக அதிகாரிகள் கருதியதும் ஒரு காரணம் என்பது வெளிவந்தது.

2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் இவ்வழக்கை முடித்து வைத்தது. அயல்நாட்டவரான வாழ்க்கைத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்குமாறு கோர, குடிமக்களுக்கு அரசமைப்புச் சட்ட வழியிலான அடிப்படை உரிமை ஏதும் கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம். மணம் புரிய உரிமை உண்டு. மணந்தவரோடு சொந்த மண்ணில் குடித்தனம் நடத்துவதோ அரசின் தயவைப் பொறுத்தது.

முன்யோஸ் குடும்பத்துக்கு எதிர்த்து வழக்காட ஒரு மறுப்பாணையாவது இருந்தது. மறுப்பும் இன்றி, ஒப்புதலும் இன்றி, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதியருக்கு அதுவும் இல்லை. மறுப்பாணையில் ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். தாமதத்தில் எவர் கையெழுத்தும் இராது. எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதே ஆட்சியாளர்களுக்கு அதில் உள்ள வசதி.

மூன்று வாசல்கள்

அமெரிக்காவில் இருப்பவர் தம் கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். முதலில், திருமணம் உண்மையானதே என்று குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைத் துறையிடம் மனுச் செய்து ஒப்புதல் பெற வேண்டும். அடுத்து, தேசிய விசா மையம் கட்டணங்களையும் வருமானச் சான்றுகளையும் சரிபார்க்கும். கடைசியாக, துணையின் நாட்டில் உள்ள தூதரகத்தில் நேர்காணல். ஒவ்வொரு வாசலிலும் தனித்தனி வரிசை.

குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு வழங்கும் விசாக்களுக்குச் சட்டத்தில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது. சட்டம் எண்ணிக்கைத் தடை விதிக்காத இடத்திலும் முதல் வாசலைக் கடக்கவே ஓராண்டுக்கு மேல் ஆவது பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசிகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுடைய கணவன், மனைவி, மணமாகாத இளம் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் சேர்த்து, உலகம் முழுமைக்கும், ஆண்டொன்றுக்குச் சுமார் 88,000 விசாக்களே அடிப்படை ஒதுக்கீடு. சில ஆண்டுகள் வரிசையின்றி நகர்ந்த இப்பிரிவில் 2023 ஏப்ரல் முதல் மீண்டும் ‘முன்னுரிமைத் தேதி’ வரிசை வந்துவிட்டது. நேர்காணல் முடிந்த பின்னரும் ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று கோப்பை நிறுத்தி வைக்கலாம். அது எப்போது முடியும் என்று சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

விரைவு யாருக்கு?

ஆட்கள் போதவில்லை, மனுக்கள் குவிந்துவிட்டன என்பதே அதிகாரத் தரப்பு வழக்கமாகக் கூறும் சமாதானம். அதே துறை வேறு மனுக்களை எவ்வளவு வேகத்தில் முடிக்கிறது என்று பார்த்தால் இந்தச் சமாதானத்தின் மதிப்பு விளங்கிவிடும்.

ஒரு நிறுவனம் எச்-1பி விசாவில் தொழில்நுட்ப ஊழியரை அமர்த்த விரும்பினால், கூடுதல் கட்டணம் செலுத்தி 15 வேலை நாட்களில் முடிவு பெறும் ஏற்பாடு உள்ளது. 2024 பிப்ரவரியில் அக்கட்டணம் 2,805 டாலராக உயர்த்தப்பட்டது. முதலாளி பணம் கட்டினால் உழைப்புச் சக்தி மூன்று வாரத்தில் அனுமதி பெறுகிறது. அந்த உழைப்பாளியின் வாழ்க்கைத் துணைக்கான குடும்ப மனுவுக்கு இத்தகைய விரைவு ஏற்பாடு எதுவும் கிடையாது. மூலதனத்துக்கோ இதைவிட அகலமான கதவு உண்டு. 2025 செப்டம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணையின்படி, பத்து லட்சம் டாலர் ‘அன்பளிப்பாக’ வழங்குவோருக்குத் ‘தங்க அட்டை’ காத்திருக்கிறது.

இத்துறையின் வரவுசெலவில் பெரும்பகுதி விண்ணப்பதாரர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வருகிறது. குடும்ப மனுவுக்கான கட்டணம் 2024 ஏப்ரலில் 535 டாலரிலிருந்து 675 டாலராக உயர்ந்தது. காத்திருப்போரே தங்கள் காத்திருப்புக்கும் விலை கொடுக்கிறார்கள்.

வருமான நிபந்தனை இந்த வர்க்கப் பாகுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துணையை அழைப்பவர் அரசு நிர்ணயித்த வறுமைக்கோட்டின் 125 விழுக்காடு வருமானத்தைக் காட்ட வேண்டும். இயலாவிட்டால் வேறொருவரைப் பிணை நிறுத்த வேண்டும். பிரிட்டன் 2012இல் 18,600 பவுண்டு ஆண்டு வருமானத்தை நிபந்தனையாக்கியது; 2024 ஏப்ரலில் அதை ஒரே அடியில் 29,000 பவுண்டாக உயர்த்தியது. வளைகுடா நாடுகளிலும் குறிப்பிட்ட ஊதியத்துக்குக் கீழ் பெறும் தொழிலாளி குடும்பத்தை அழைத்துவர முடியாது. கட்டடங்களை எழுப்பும் கேரளத் தொழிலாளியும் தமிழகத் தொழிலாளியும் திருமணமாகியும் பிரம்மச்சாரிகளாகவே ஆண்டுகளைக் கழிப்பது இதனால்தான்.

இதன் பொருளாதாரம் எளிமையானது. உழைப்புச் சக்தியை வாங்கும் நாடு, அந்த உழைப்பாளி பிறந்து வளர்ந்து கற்ற செலவை ஏற்கவில்லை. அவருடைய மனைவி மக்களின் வீடு, பள்ளி, மருத்துவம் ஆகிய செலவுகளையும் ஏற்காதிருக்கவே அது விரும்புகிறது. குடும்பம் பஞ்சாபிலோ குஜராத்திலோ மலிவான செலவில் வாழட்டும். உழைக்கும் கை மட்டும் நியூயார்க்கில் வாடகைக் கார் ஓட்டட்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மூலதனத்துக்கு மிச்சமாகும் மாதமே. முதலாளித்துவம் உழைப்பாளரின் குடும்ப உறவுகளைச் சிதைப்பதை 1848இன் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை எடுத்துரைத்தது. அன்று ஆலைச் சங்கு செய்த வேலையின் ஒரு பகுதியை இன்று விசா வரிசை செய்கிறது.

பழைய கதவு, புதிய பூட்டு

இது டிரம்ப் ஆட்சியில் முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் வயல்களுக்கும் மேற்குக் கரையின் மர ஆலைகளுக்கும் பஞ்சாபிலிருந்து ஆண்கள் உழைக்கச் சென்றனர். 1917, 1924ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஆசியர்களின் குடியேற்றத்தை அடைத்தன. ஊரில் மனைவி இருந்தவர்களால் அவர்களை அழைத்துக்கொள்ள முடியவில்லை. பலர் மெக்சிகப் பெண்களை மணந்து புதிய குடும்பங்களை அமைத்துக்கொண்டனர். 1913இல் கெதார் கட்சியைக் கட்டி எழுப்பியவர்களுள் பெரும்பாலோர் இவ்வாறு குடும்பத்தை விட்டுப் பிரிந்து உழைத்தவர்களே. 1946இல் கதவு சற்றே திறந்தபோது இந்தியர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு நூறு இடங்கள்.

பிரிட்டனின் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. 1979 ஜனவரியில் தன் வருங்காலக் கணவரைத் தேடி ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய இந்தியப் பெண்ணைக் குடிவரவு அதிகாரிகள் ‘கன்னித்தன்மைச் சோதனை’க்கு உட்படுத்தினர். செய்தி வெளியானதும் பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன, அச்சோதனை கைவிடப்பட்டது. திருமணத்தின் ‘முதன்மை நோக்கம்’ குடியேற்றமன்று என்று தம்பதியரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியோ 1997 வரை நீடித்தது. விதிகள் மாறினும், ஏழை நாட்டவரின் காதலைச் சந்தேகத்தோடு நோக்கும் அரசின் கண் மாறவில்லை.

பெண்ணின் மீது இறங்கும் சுமை

காத்திருப்பு ஆண், பெண் இருவருக்கும் துன்பமே. எனினும் சுமை சமமாக இறங்குவதில்லை. மணமான சில வாரங்களில் கணவன் விமானம் ஏறிவிட, மாமியார் வீட்டில் தங்கிவிடும் மனைவிக்கு ‘எப்போது போகிறாய்?’ என்ற கேள்வி அன்றாட ஏச்சாகிறது. இங்கே வேலைக்குப் போவதா, படிப்பைத் தொடர்வதா, குழந்தை பெறுவதா என்ற முடிவுகள் யாவும் ஒரு கோப்பின் நகர்வுக்காக நிற்கின்றன. தாமதத்தைக் காட்டியே மனைவியைக் கைவிடும் கணவர்களும் உண்டு.

விசா கிடைத்தபின்னும் பிடி தளர்வதில்லை. மணமாகி இரண்டாண்டு நிறையாமல் நுழைவோருக்கு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்கு நிபந்தனையுடன் கூடிய தங்குரிமையே வழங்கப்படுகிறது. நிபந்தனையை நீக்கத் தம்பதியர் கூட்டாக மனுச் செய்ய வேண்டும். அடிக்கும் கணவன் கையில் இது ஒரு சாட்டை. பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தால், வன்முறைக்கு ஆளானவர் கணவனைச் சாராமல் தாமே மனுச் செய்யும் உரிமை 1994இல் சட்டமாயிற்று. மொழியும் சட்டமும் அறியாமல் தனித்திருக்கும் பெண்ணுக்கு அந்த உரிமையைப் பற்றிச் சொல்ல அங்கே அமைப்பு வேண்டும். அயல்நாடு வாழ் இந்தியர் திருமணங்களைப் பதிவு செய்வதற்கான மசோதா 2019இல் நமது மாநிலங்களவையில் அறிமுகமானது, சட்டமாகவில்லை.

புது தில்லியின் மௌனம்

ஒன்றிய ஆட்சியாளர்கள் புலம்பெயர்ந்த இந்தியரைக் கொண்டாடத் தவறுவதில்லை. 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் அரங்கில் மோடியும் டிரம்பும் கைகோத்து வலம் வந்த காட்சி மறக்கக்கூடியதன்று. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் விலங்கிடப்பட்டு அமெரிக்க இராணுவ விமானத்தில் அமிர்தசரசில் இறக்கப்பட்டபோது, இது வழக்கமான நடைமுறை என்று வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தார். நாட்டவர் கையில் விலங்கு பூட்டியதையே நடைமுறை என்று ஏற்றுக்கொண்டவர்கள், கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வரிசையைப் பற்றி வாஷிங்டனிடம் குரல் உயர்த்துவார்கள் என்று எதிர்பார்க்க இடமில்லை.

அவர்களிடமே உள்ள எல்லைக் கதவு இன்னொரு சான்று. பஹல்காமில் 26 பேரின் உயிரைக் குடித்த பயங்கரவாதத் தாக்குதல் மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் அதற்கான விலையை, எல்லை கடந்து மணம் புரிந்த எளிய குடும்பங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தானபோது, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தாய்மார் அட்டாரியில் இப்பக்கம் நிற்க, பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருந்த அவர்களின் பிள்ளைகள் அப்பக்கம் சென்றனர். இந்தியக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே ஏழாண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது நமது 1955ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவின் தாமதத்தைக் கண்டிப்பவர்கள் இந்தியாவின் கதவையும் தட்டியாக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

காத்திருக்கும் குடும்பங்கள் கையறு நிலையில் இல்லை. நிரந்தரவாசியாக இருப்பவர் குடியுரிமை பெற்றுவிட்டால், துணையின் மனு உச்சவரம்பற்ற பிரிவுக்கு மாறிவிடுகிறது. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாகக் கோப்பின் நிலையை விசாரிக்கலாம். அரசுத் துறைகள் நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 1946 முதல் அமெரிக்க நிர்வாக நடைமுறைச் சட்டத்தில் உள்ள விதி. இதன் அடிப்படையில், முடிவெடுக்குமாறு உத்தரவிடக் கோரிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். உறங்கிக் கிடந்த கோப்புகள் வழக்குப் பதிவான பின் விழித்துக்கொள்வது உண்டு. ஆயினும் எல்லா நீதிமன்றங்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. வழக்கறிஞர் கட்டணமோ கார் ஓட்டுநருக்கும் கடை ஊழியருக்கும் எட்டாத உயரத்தில் உள்ளது. தனிநபர் வழக்கு ஒரு கோப்பை நகர்த்தலாம். வரிசையைக் கலைக்க அதனால் இயலாது.

வரிசையைச் சட்டத்தால் தளர்த்த முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நிரந்தரவாசிகளின் துணைவர்கள் நெடுங்காலம் காத்திருந்த நிலையில், 2000 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ‘வி’ விசாவை உருவாக்கியது. மனுத் தாக்கல் செய்து மூன்றாண்டு கடந்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்து, குடும்பத்தோடு வாழ்ந்து, வேலையும் செய்துகொண்டே இறுதி முடிவுக்குக் காத்திருக்க அது வழி செய்தது. அதே மாத 21ஆம் தேதிக்குள் தாக்கலான மனுக்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரையறுத்ததால் காலப்போக்கில் பயனற்றுப் போயிற்று. ஒருமுறை செய்யக்கூடியதாக இருந்ததை மீண்டும் செய்ய முடியாது என்று எவரும் கூற இயலாது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. குடும்ப மனுக்களுக்குக் காலவரம்பு வேண்டும். அது கடந்தால் எழுத்து வடிவில் காரணமும் மேல்முறையீட்டு உரிமையும் வேண்டும். காத்திருப்புக் காலத்தில் சேர்ந்து வாழ இடைக்கால விசா வேண்டும். வருமான நிபந்தனை நீக்கப்பட வேண்டும். இந்திய அரசு இவற்றை இருதரப்புப் பேச்சுவார்த்தையில் முன்வைக்க வேண்டும். இங்கு மணமாகி வந்த அயல்நாட்டுத் துணைகளுக்கும் இதே நீதியை வழங்க வேண்டும்.

அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் குடியேறியோர் அமைப்புகளும் அங்கே நடத்தும் போராட்டங்களோடு இந்திய உழைப்பாளர்களின் இயக்கம் தோள் சேர்வதற்கு இதில் இயல்பான களம் உண்டு. பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் கைப்பேசித் திரையில் தந்தையின் முகத்தை முத்தமிடும் குழந்தைக்கு உச்சவரம்பும் முன்னுரிமைத் தேதியும் புரியாது. அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதுக்குள் தந்தையின் கையைப் பிடித்து நடக்க வேண்டும். இந்தச் சிறிய நியாயத்தைப் பெறவும் அமைப்பாகத் திரள்வதன்றி வேறு வழியில்லை.