கோப்பிக் கடைக்கு எத்தனை நட்சத்திரம்?



மூன்று மாதத்துக்கு முன்னால் மசாயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். “கோயில் திருவிழா, கலைநிகழ்ச்சி, புத்தக வெளியீடு எல்லாம் எழுதுகிறீர்கள். ஜொகூரில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு கோப்பி குடிக்க நல்ல கடை எது என்று எழுதினால் என்ன?” நான் வாசித்துச் சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். எங்கள் உதவி ஆசிரியை விடுவதாக இல்லை. “ஐயா, நாமே போய்க் குடிச்சுப் பார்த்து ஸ்டார் போடலாம். ஊருக்கு ஊர் கிளை வச்சிருக்கிற பெரிய கம்பெனிக் கடை வேண்டாம். சொந்தமா நடத்துற கடை மட்டும்” என்றார். மறுநாளே கட்டம் போட்ட ஒரு நோட்டும் வந்துவிட்டது. கோப்பி, இடம், சுத்தம், விலை, உபசரிப்பு என்று ஐந்து கட்டம்; கட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம்.

ஆறு வாரம், சனியும் ஞாயிறும் சுற்றினோம். என் இனிப்புநீர் பற்றி இந்த ஆறு வாரமும் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை இந்தப் பக்கத்துக்கு வேண்டாம்.

முதலில் ஜொகூர் பாருவின் பழைய பட்டணம். ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் ட்ரஸ், சலவைத் தொழிலாளர் பேரைத் தாங்கி நிற்கும் ஜாலான் டோபி. பத்து நிமிட நடைக்குள் நூறாண்டுக் கதை கிடக்கிறது. ஹியாப் ஜூ பேக்கரி 1919இலிருந்து விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடுகிறது. சலாஹுதீன் பேக்கரிக்கு வயது 1937இலிருந்து எண்ண வேண்டும். ஹுவா முய் 1946இல் தொடங்கியது. அது ஹைனான்காரர் கடை. ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்ற சீனர்களுக்குப் பிந்தி மலாயாவுக்கு வந்தவர்கள். கைக்கு எட்டிய தொழில்களை முன்னால் வந்தவர்கள் பிடித்துவிட்டபடியால், வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியிலும் கப்பல் அடுப்படியிலும் நின்றார்கள். அந்தக் கைப்பக்குவத்தோடு வெளியே வந்து கடை போட்டார்கள். கோழி சாப்பும் காயா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் ஒரே மேசைக்கு வந்தது இப்படித்தான். இந்தக் கடைகளுக்கு நடுநடுவே புதுக் கஃபேக்கள் முளைத்திருக்கின்றன. சாய்வாலா என்று பெயர் வைத்துக்கொண்டு கப்பல் கொள்கலனுக்குள் ஒரு கடை நடக்கிறது. சனிக்கிழமை என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் வரிசையில் பாதிப் பேர். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது வராமல் இருப்பார்களா!

சிக்கல் இரண்டாவது வாரம் வந்தது. ஒரு தாமான் கோப்பிக் கடை. பெயர் சொல்ல மாட்டேன், காரணம் அடுத்த வரியிலேயே தெரியும். எங்கள் உதவி ஆசிரியை ‘உபசரிப்பு’ கட்டத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். “அங்கள் சிரிக்கவே இல்லையே ஐயா. என்ன குடிக்கிறேன்னு, ‘மாவ் மீனும் ஆப்பா?’ன்னு ஒரு தடவைதான் கேட்டார். நான் யோசிக்கிறதுக்குள்ள அடுத்த மேசைக்குப் போய்ட்டார்.”

உண்மைதான். எழுபதைத் தாண்டியவர், சிரிக்கவில்லை. ஆனால் நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய தகரக் குவளை, மூக்கு நீண்டது. அதன் வாயில் கம்பி வளையத்தில் கோத்த துணிப்பை, வருடக்கணக்கில் கோப்பி குடித்துக் கறுத்துப் போனது. தூளைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஒரே சீராக விடுகிறார். பையைத் தூக்கி இன்னொரு குவளையில் இறக்குகிறார். வடிந்ததை மறுபடி தூள் மேலேயே ஊற்றுகிறார். இடையில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டுகிறார், கிண்ணம் சூடாக வேண்டுமாம். கெட்டிப்பால் அடியில் வெள்ளையாகப் படுத்திருக்க, மேலே கறுப்பு வந்து இறங்குகிறது. தட்டில் கொஞ்சம் வழிந்து நிற்கும். அது தவறு அல்ல, கணக்கு. அந்த மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை நூறு கிண்ணம் ஊற்றுவாரோ. அவர் சிரிக்கவும் வேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. மூன்றாம் தடவை அதே கடைக்குப் போனோம். நாங்கள் உட்காருவதற்கு முன்பே எனக்குக் கோப்பி ஓ கொசோங்கும் உதவி ஆசிரியைக்குக் கோப்பி சி ஐஸும் மேசைக்கு வந்தன. ஒரு நட்சத்திரம் ஐந்தாக மாறியது. அழிப்பான் தேய்ந்தது.

ஓ என்றால் ஹொக்கியனில் கறுப்பு, பால் இல்லாதது. சி என்றால் டின்னில் வரும் ஆவிப்பால். கொசோங் மலாய், சீனி இல்லாதது. காவ் என்றால் கெட்டி, போ என்றால் தண்ணி. மூன்று நான்கு மொழி சேர்ந்து பின்னிய இந்தப் பாஷையில் நம் ஒட்டுக்கடைக்காரர்கள் எல்லாரையும் தோற்கடிப்பார்கள். நான்கு மேசைக்கு அப்பாலிருந்து ‘தே ஓ ஐஸ் லீமாவ்’ என்று ஒரே மூச்சில் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒட்டுக்கடையில் ராஜா தேத்தண்ணிதான். கோப்பி அங்கே விருந்தாளி. அதற்கும் கட்டம் போட்டு மார்க் குறைப்பது, மீன் கடையில் போய்க் கத்தரிக்காய் சரியில்லை என்று சொல்வதுபோல.

புதுக் கஃபேக்களுக்கு வருவோம். நான் அவற்றின் எதிரி அல்ல. நம் பிள்ளைகள் பலர் அங்கே மெஷின் பின்னால் நிற்கிறார்கள். பாலில் இலை வரைகிறார்கள். தராசில் கிராம் கணக்கில் தூள் நிறுக்கிறார்கள். டபரா டம்ளரோடு ஃபில்டர் காப்பி போடும் கடைகளும் வந்துவிட்டன. என் குறை ஒன்றே ஒன்று. ஒரு கஃபேயில் பதினாறு வெள்ளி கொடுத்துக் குடித்த கோப்பி புளித்தது. புளிப்பு அந்தக் கொட்டையின் குணம் என்றார் மெஷின் பின்னால் நின்ற தம்பி. சரி, எந்த ஊர்க் கொட்டை என்றேன். எத்தியோப்பியாவில் எந்த மாவட்டம், கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே என்பது வரை சொன்னார். ஜொகூர்க் கொட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “ஜொகூர்ல கோப்பி விளையுதா அங்கள்?” என்றார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. நாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விளைகிறது. பத்து பகாட், பொந்தியான் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் வளர்க்கிறார்கள். மலேசியாவில் விளையும் கோப்பியில் மிகப் பெரும் பங்கு லைபீரிகா என்ற இனம். உலகம் முழுவதும் விளையும் கோப்பியில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மரம். விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். பழம் பெரிசு, தோலும் சதையும் தடிப்பு. அதனால் கூடைக் கணக்கில் பறித்தாலும் கொட்டை கொஞ்சமாகத்தான் மிஞ்சும். பக்குவமாக வறுத்தால் பலாப்பழ வாசம் வீசும். இந்தச் சுற்றில் ஒரே ஒரு கடையில் அதைத் தனியாக வடித்துக் கொடுத்தார்கள். உதவி ஆசிரியை மூக்கருகே கிண்ணத்தை வைத்துக்கொண்டு, “பாட்டி வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கு” என்றார். நோட்டில் எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லாத வாக்கியம்.

அந்த மரம் ஏன் இங்கே வந்தது என்பதில் நம் கதையும் இருக்கிறது. 1869இல் இலங்கைத் தோட்டங்களில் அராபிக்கா கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு படர்ந்தது. ஒரு பூஞ்சை நோய். இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. துரைமாரில் பலர் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும், துருவுக்கும் ஈடுகொடுக்கும் என்ற நம்பிக்கையில் லைபீரிகா நாற்றை ஊன்றினார்கள். 1880களிலும் 90களிலும் அந்தத் தோட்டங்களில் காடழித்து, களை பிடுங்கி, பழம் பறித்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பிறகு பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் வந்து குவிய, 1890களின் கடைசியில் விலை சரிந்தது. கோப்பி வரிசைகளுக்கு நடுவிலேயே ரப்பர்க் கன்று நட்டார்கள். ரப்பர் வளர்ந்தது, கோப்பி போனது. நாம் பால் மரம் வெட்ட வந்தவர்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அதற்கு முந்திய தலைமுறை கரும்புக்கும் கோப்பிக்கும் கப்பலேறியது.

உலகத்தில் கோப்பிக்கு மார்க் போடுகிறவர்கள் நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் ‘ஸ்பெஷல்டி’ என்று முத்திரை குத்துவார்கள். அந்த அளவுகோல் அராபிக்காவை மனத்தில் வைத்துப் பிறந்தது. மல்லிகையை வைத்து மார்க் போடப் பழகிய மூக்குக்கு முன்னால் பலாச்சுளையை நீட்டினால் என்ன கிடைக்கும்? உணவகங்களுக்கு நட்சத்திரம் போடும் மிஷலின் கையேடுகூட 2022 கடைசியில் மலேசியாவுக்கு வந்தபோது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. ஜொகூரை எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் பாதி, நிம்மதி பாதி.

கடைசி ஞாயிறு குளுவாங்குக்குப் போனோம். என் ஊர்ப் பக்கம். ரயில் நிலையக் கோப்பிக் கடை 1938இலிருந்து நடக்கிறது, அதுவும் ஹைனான் குடும்பம். இரட்டைத் தண்டவாளம் வந்து புது நிலையம் எழும்பிவிட்டது. பழைய கட்டடத்துக் கடைக்குத்தான் இன்னும் கூட்டம். கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, சின்னப் பொட்டலத்தில் நாசி லெமாக், கோப்பி. சின்ன வயசில் அப்பா தோட்டத்திலிருந்து சைக்கிளில் வைத்துக் கூட்டிவருவார். ரயில் ஏறுவதற்கு அல்ல, ரயில் பார்ப்பதற்கு. ஒரு கிண்ணம் வாங்கித் தட்டில் ஊற்றி எனக்கு ஆற்றிக் கொடுப்பார், மிச்சம் அவருக்கு. வீட்டில் நாங்கள் குடித்தது வரக்காப்பி, எனாமல் குவளையில், வெல்லம் இருந்தால் வெல்லம். பால் போட்ட கோப்பி என்பது ரயில் நிலையத்துச் சமாச்சாரம். குளுவாங்கின் தொலைக்காட்சிச் சின்னக் கோப்பித் தூளும் வீட்டில் இருந்தது. நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 கடைசியில். அந்தத் தூள் கம்பெனி 1966இல். பெட்டியை வாங்க முடியாதவர்களும் பொட்டலத்தில் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோம்.

அன்று காலை அடுத்த மேசையில் ஒரு மலாய்க் குடும்பம், அதற்கடுத்து மூன்று சீனப் பாட்டிகள், சுவரோரம் தலைக்குத் துண்டு கட்டிய நம்மவர் ஒருவர். எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்ததற்காக 1957இல் பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்தச் சொல் இறங்கியது. கோப்பியைவிட நாற்காலி முக்கியம் என்று ஊரே பார்த்த சண்டை அது. அதனால் உதவி ஆசிரியையின் நோட்டில் நானும் ஒரு கட்டம் சேர்த்தேன்: யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர் இன்னொன்று சேர்த்தார்: ஒரே கிண்ணத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் துரத்துகிறார்களா? மூன்றாவது நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது: கொட்டை எந்த ஊர்?

இதற்கெல்லாம் நட்சத்திரம் போட முடியாது. ஆகவே இந்த இதழின் நடுப்பக்கத்தில் பதினெட்டுக் கடைகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது, நட்சத்திரம் இல்லை. போன நேரம், குடித்தது, கொடுத்தது, பக்கத்து மேசை, கொட்டையின் ஊர், அவ்வளவுதான். விளம்பரம் கொடுக்கும் கடை எதுவும் இதில் இல்லை. எல்லாக் கிண்ணத்துக்கும் நாங்களே காசு கொடுத்தோம். கணக்காளர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூவார் போக முடியவில்லை. காலை ஏழு மணிக்கே சாத்தே தின்று கோப்பி குடிக்கும் ஊரை விட்டுவிட்டு ஜொகூர் பட்டியலா என்று அந்த ஊர் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள், கடையின் பெயரோடு வாருங்கள்.

உலு திராமிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஒரு கடையைச் சொல்லியிருக்கிறார். அங்கே கொட்டையைக் கடைக்காரரே பின்கட்டில் வறுக்கிறாராம், செவ்வாய்க்கிழமை மட்டும். வரும் செவ்வாய் காலை ஏழரைக்கு அங்கே இருப்போம். நோட்டு வைத்திருப்பவர் உதவி ஆசிரியை. பக்கத்தில் கோப்பி ஓ கொசோங்கை வைத்துக்கொண்டு அடுத்த மேசைக் கெட்டிப்பாலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நான். பசியாறாமல் வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்